ஏற்பும் மறுப்பும்: ஆய்விதழ்களின் நடுவர் முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆய்விதழொன்றுக்கு அனுப்பப்படும் கட்டுரையை அத்துறை சார்ந்த இருவரோ மூவரோ மறைவாக வாசித்து, அது வெளியிடத் தக்கதா அன்றா என இதழாசிரியருக்கு எழுதி அனுப்புவதும், அவ்வறிக்கைகளின் துணைகொண்டு இதழாசிரியர் முடிவு கூறுவதும் இன்று உலகெங்கும் பல்கலைக்கழகத்தாரிடையே வழக்கமாகிவிட்ட நடைமுறையாகும். இதனை நடுவர் முறை என்று நாம் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். விரிவுரையாளர் நியமனம், பேராசிரியர் பதவியுயர்வு, ஆராய்ச்சிக்கான பணம் ஆகியன யாவும் இன்று பெருமளவுக்கு இந்நடைமுறையைச் சார்ந்தே தீர்மானிக்கப்படுகின்றன. இத்துணை அதிகாரம் பெற்ற ஓர் ஏற்பாட்டை இயல்பான ஒன்றாகவே ஏற்றுக்கொள்ள நாம் பழகிவிட்டோம். நவீன விஞ்ஞானம் தோன்றிய நாளிலேயே அதனுடன் கூடப் பிறந்த காவல் இது என்ற எண்ணம் படித்தோரிடையே பரவலாகக் காணப்படுகின்றது.

வரலாற்று நோக்கில் இவ்வெண்ணம் நிலைபெறத் தக்கதன்று. நடுவர் முறை உண்மையைச் சோதிக்கும் கருவியாகத் தோன்றவில்லை. ஒரு சங்கம் தன் பெயரைக் காத்துக்கொள்வதற்கும், அச்சுக்கென வைத்திருந்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பதற்கும் கைக்கொண்ட ஏற்பாடாகவே அது உருப்பெற்றது. உண்மைக்கு உறுதி கூறும் அமைப்பு என்ற தகுதி அதற்கு மிக அண்மைக் காலத்தில், வேறு காரணங்களாற் சூட்டப்பட்டதாகும். எழுதப்பட்டது யாது என்ற வினாவோடு, எழுதியவர் யார் என்ற வினாவும் தொடக்கந்தொட்டே அதனுட் கலந்திருந்தது. இவற்றை நாம் பெரிதும் ஒரு தனிக் கட்டுரையின் வரலாற்றைக்கொண்டே விளக்க முற்படுகிறோம். அக்கட்டுரை 1845இல் பம்பாயிலிருந்த ஓர் ஆசிரியரால் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது, 1892இல் அச்சேறியது.

அதற்கு முன் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும். நடுவர் முறையின் பிறப்பை 1665ஆம் ஆண்டுடன் இணைத்துக் கூறுவது வழக்கம். அவ்வாண்டு ஜனவரியிற் பாரிஸ் நகரில் ஜூர்னால் தே சவான் என்ற இதழும், மார்ச்சில் இலண்டனிற் பிலோசோபிக்கல் ட்றான்ஸக்சன்ஸ் என்ற இதழும் வெளிவரத் தொடங்கின. பின்னதை நடத்தியவர் றோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஒல்டன்பேர்க். எனினும் இதழ் சங்கத்துக்குரியதன்று. அவருடைய சொந்த முயற்சியாகும். ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் தமக்கு வந்த கடிதங்களுள் எவற்றை அச்சிடுவது என்பதை அவரே முடிவு செய்தார். இதழ் அச்சேறுமுன் உறுப்பினர் சிலர் அதனைப் பார்வையிடவேண்டும் என்று சங்கத்தின் ஆட்சிக் குழு பணித்திருந்தது உண்மையே. இப்பணிப்பைச் சான்றாகக் காட்டி, நடுவர் முறை முந்நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது என்று வாதிடுவோர் உளர். ஆயின் அக்கால இங்கிலாந்தில் அனுமதி பெறாது எதனையும் அச்சிடலாகாது என்ற சட்டம் நடைமுறையில் இருந்தமை மனங்கொளத்தக்கது. அச்சிட அனுமதி வழங்கும் உரிமையை அரச பட்டயத்தின் வாயிலாகப் பெற்றிருந்த றோயல் சங்கம், தன் அனுமதியோடு வெளிவரும் ஏட்டில் அரசுக்கோ திருச்சபைக்கோ ஒவ்வாதது எதுவும் இடம்பெற்றுவிடலாகாது என்று அஞ்சியதில் வியப்பில்லை. 1667இல் அதே ஒல்டன்பேர்க் தமது கடிதத் தொடர்புகள் காரணமாக ஐயுறப்பட்டு இலண்டன் கோபுரத்திற் சிறைவைக்கப்பட்டார். அக்காலச் சூழ்நிலை அத்தகையது. தணிக்கையின் வழிவந்த ஒரு வழக்கத்தை ஆராய்ச்சி விமர்சனத்தின் முதல் வடிவமாகக் கொள்வது பிற்காலத்தார் தமக்கெனத் தேடிக்கொண்ட வமிசாவளி என்றே நாம் கருதுகிறோம்.

ட்றான்ஸக்சன்ஸ் சங்கத்தின் உடைமையானது 1752இலேயே ஆகும். அதற்கு உடனடிக் காரணம் ஏளனம். அதில் வெளிவந்த விந்தைச் செய்திகளை எடுத்துக்காட்டி ஜோன் ஹில் என்பவர் 1751இற் சங்கத்தை எள்ளி நகையாடி நூல் எழுதினார். இதழுக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவந்த சங்கம், அச்சொல்லை எவரும் நம்பவில்லை என்பதை உணர்ந்து, கட்டுரைக் குழு ஒன்றை நியமித்தது. சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளுள் அச்சிடத் தக்கவற்றை அக்குழு இரகசிய வாக்கெடுப்பினால் தெரிந்தெடுத்தது. இவ்விடத்து ஒரு செய்தி நோக்கற்பாலது. தெரிந்தெடுத்த கட்டுரைகளிலுள்ள செய்திகளின் உண்மைக்கோ நியாயங்களின் பொருத்தத்துக்கோ தான் பொறுப்பேற்கவில்லை என்றும், பொருளின் முக்கியத்துவம், புதுமை, சொல்லும் முறை ஆகியவற்றையே தான் கருத்திற் கொள்வதாகவும் சங்கம் அப்போது தொகுதிகளின் முகப்பில் வெளிப்படையாக அறிவித்தது. தெரிவு வேறு, உண்மைக்குச் சான்றளித்தல் வேறு என்ற தெளிவு பதினெட்டாம் நூற்றாண்டினருக்கு இருந்தது.

எழுத்து வடிவிலான நடுவர் அறிக்கை 1831இலேயே தோன்றியது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் ஹியூவெல், சங்கத்துக்கு வரும் சிறந்த கட்டுரைகள் பற்றி அறிஞர் இருவர் அறிக்கை எழுதி, அவ்வறிக்கையைச் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளியிடலாம் என்று முன்மொழிந்தார். அவர் விரும்பியது விளம்பரம். கட்டுரையை எல்லாரும் வாசிக்கப்போவதில்லை, அறிக்கையையாவது வாசிப்பார்கள் என்பது அவர் எண்ணம். முதலிற் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது பூமி, வெள்ளி ஆகிய கோள்களின் இயக்கம் பற்றி வானியலாளர் ஜோர்ஜ் எயறி எழுதிய கட்டுரை. ஹியூவெலும் ஜோன் லபொக் என்பவரும் நடுவர்கள். ஹியூவெல் அதன் சிறப்பை எடுத்துரைக்க விரும்பினார். லபொக் அதன் குறைகளைக் குறித்துக்காட்ட முனைந்தார். பாராட்டுரையா, பிழை திருத்தமா என்ற இன்றைய குழப்பம் முதல் அறிக்கையிலேயே இருந்தது என்பது சுவையானது. ஒருவாறு இணக்கங்கண்டு 1832இல் இருவரும் கூட்டறிக்கை வெளியிட்டனர். ஆயின் அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடும் பழக்கம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுள் அறிக்கைகள் மறைவானவையாயின. எழுதியவர் பெயரும் மறைக்கப்பட்டது. வாசகருக்காகத் தொடங்கிய ஒன்று குழுவின் அலமாரிக்குட் சென்று ஒடுங்கியது.

லபொக் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வங்கியாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர், கணிதத்திலும் வானியலிலும் புலமை மிக்கவர், றோயல் சங்கத்தின் பொருளாளராகப் பணியாற்றியவர். அறியாமை மிக்க ஒருவரல்லர்.

இனி நாம் மேலே குறிப்பிட்ட கட்டுரைக்கு வருவோம். அதனை எழுதிய ஜோன் ஜேம்ஸ் வோட்டர்ஸ்ரன் 1811இல் எடின்பரோவிற் பிறந்தவர். தந்தையார் முத்திரை அரக்குச் செய்து விற்பவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்றபின் இலண்டனிற் புகையிரதப் பாதை அளவை வேலையிலும், பின்னர் கடற்படையின் நீர்ப்பரப்பு வரைபடத் திணைக்களத்திலும் பணிபுரிந்தார். அத்திணைக்களத்தின் தலைவர் பிரான்சிஸ் போபோர்ட்டின் உதவியினால், கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படைப் பயிலுநருக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியராக 1839இற் பம்பாய் சென்றார். ஆராய்ச்சிக்கு ஓய்வு கிடைக்கும் என்பதே அவர் அவ்வேலையை நாடியதற்குக் காரணம். பல்கலைக்கழகப் பதவியோ பரம்பரைச் செல்வமோ இல்லாத ஒருவருக்குக் குடியேற்றநாட்டு உத்தியோகம் அக்காலத்தில் ஓய்வைத் தரும் வழியாயிருந்தது. அவ்வழி அவரை அறிவுலகின் மையத்திலிருந்து பல மாதக் கப்பற்பயணத் தொலைவுக்குத் தள்ளியும் விட்டது.

1845 டிசம்பரில் அவர் அனுப்பிய நீண்ட கட்டுரை, சுயாதீனமாக இயங்கும் முழு மீள்தன்மையுடைய மூலக்கூறுகளாலான ஊடகங்களின் பௌதிகம் பற்றியது. வாயுவொன்றின் அமுக்கம் எண்ணிறந்த மூலக்கூறுகள் கலத்தின் சுவரில் ஓயாது மோதுவதனால் உண்டாவது என்றும், வெப்பநிலை அம்மூலக்கூறுகளின் வேக வர்க்கத்தின் சராசரிக்கு விகிதசமமானது என்றும் அவர் காட்டினார். வெவ்வேறு வாயுக்களின் கலவையிற் பாரமான மூலக்கூறு மெதுவாகவும் இலேசான மூலக்கூறு விரைவாகவும் இயங்கி, சராசரி இயக்கச் சத்தி சமமாக அமையும் என்ற கருத்தும் அதிலுண்டு. இன்று எமது உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்த வாயுக்களின் இயக்கக் கொள்கையின் அடிப்படை இதுவே. சமபங்கீட்டுத் தத்துவத்தின் முதற் கூற்று இக்கட்டுரையிலேயே காணப்படுகின்றது என்பது விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஒப்பிய முடிபு.

வோட்டர்ஸ்ரன் சங்கத்தின் உறுப்பினரல்லர். உறுப்பினரல்லாதார் எழுதியவை உறுப்பினர் ஒருவர் வாயிலாகவே சமர்ப்பிக்கப்படவேண்டும் என்ற விதிப்படி போபோர்ட் அதனைச் சமர்ப்பித்தார். நடுவர்களாக அமைந்தவர் இருவர். ஒருவர் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தொடக்கியவரின் தந்தை. மற்றவர் ஜோன் லபொக். அமுக்கம் மோதல்களால் உண்டாவது என்ற அடிப்படையையே பவல் ஏற்க மறுத்தார். லபொக்கின் தீர்ப்பு அதனினும் கடியது: கட்டுரை வெறும் பிதற்றல், சங்கத்தில் வாசிக்கப்படுதற்குந் தகாதது என்பதே அதன் சாரம். ஆயினும் 1846 மார்ச்சிற் கட்டுரை கூட்டத்தில் வாசிக்கப்பட்டது; நடவடிக்கை ஏட்டிற் சிறு சுருக்கமும் வந்தது. முழுக் கட்டுரையும் சங்கத்தின் சுவடிக்கூடத்துக்குச் சென்றது.

இவ்விடத்தில், நிராகரிப்பினும் பாரதூரமான ஒன்று நிகழ்ந்தது. சங்கத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை சங்கத்தின் உடைமை என்பது விதி. அச்சிடப்படாவிடினும் ஆசிரியருக்கு அது மீளாது. வோட்டர்ஸ்ரனிடம் வேறு பிரதியும் இருக்கவில்லை. தம் உழைப்பின் பயன் மீது அவருக்கு உரிமையற்றுப் போயிற்று. சங்கமோ அதனைத் தான் வெளியிடாமலும், வேறெவரும் வெளியிட இயலாமலும் பூட்டி வைத்தது. நடுவர் பிழைபட்ட தீர்ப்புக் கூறினர் என்பதோடு இவ்விடயத்தை முடித்துவிடுவோர் இதனைக் கவனிக்கத் தவறுகின்றனர். பிழைபட்ட தீர்ப்பு எக்காலத்தும் உள்ளது. கட்டுரை ஆசிரியர் கைக்கு மீண்டிருப்பின், வேறோர் இதழில் அது வெளிவந்திருக்கும். இருபத்தைந்தாண்டுகளுக்கு முன்னர் இதையொத்த கருத்தை எழுதிய ஜோன் ஹெறபத், சங்கத் தலைவராகிய ஹம்பிரி டேவியின் இணக்கமின்மையைக் கண்டு தம் கட்டுரையை மீளப்பெற்று, 1821இல் வேறோர் இதழில் வெளியிடக்கூடியதாயிருந்தது. வோட்டர்ஸ்ரனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பின்னர் அவர் வாளாவிருக்கவில்லை. 1851இற் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றக் கழகத்துக்குச் சுருக்கமொன்றை அனுப்பினார். 1857இல் எடின்பரோவுக்குத் திரும்பினார். அதே ஆண்டில் ஜேர்மனியிற் கிளோசியஸ் வாயுக்களின் இயக்கம் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். 1860இல் மக்ஸ்வெலின் கட்டுரை வந்தது. கொள்கை உலகின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதனை முதலில் வகுத்தவர் பெயர் எங்கும் இல்லை. கற்றோர் சங்கங்களின் பேச்சை எடுத்தாலே அவர் சினங்கொள்வார் என்றும், அதன் காரணம் தமக்கு அப்போது விளங்கவில்லை என்றும் அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். 1883 ஜூன் 18ஆம் நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டுச் சென்றவர் திரும்பவில்லை. கால்வாயில் வீழ்ந்து இறந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

1858இல் ஒலி பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையில், சுவடிக்கூடத்திற் கிடக்கும் தம் பழைய கட்டுரையைச் சுட்டியிருந்தார். அச்சுட்டைப் பின்தொடர்ந்து சென்ற றேலி பிரபு 1891இல் அதனைக் கண்டெடுத்தார். அவர் அப்போது சங்கத்தின் செயலாளர்களுள் ஒருவர் என்பது கருதத்தக்கது. வெளியார் ஒருவர் கேட்டிருப்பின் அலமாரி திறந்திருக்குமோ என்னவோ. 1892இல் றேலியின் முன்னுரையோடு அது ட்றான்ஸக்சன்ஸில் வெளிவந்தது. உரிய காலத்தில் வெளியிடப்படாமையால் இத்துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தங்கியிருக்கலாம் என்று அவர் அதில் மதிப்பிட்டார். ஆயினும் அவர் பெற்ற படிப்பினை வியப்பூட்டுவது. பெயரறியப்படாத ஆசிரியர் ஒருவரின் துணிந்த ஊகங்கள் கற்றோர் சங்கத்தின் வாயிலாகவன்றி வேறு வழியிலேயே வெளிவருவது நன்று என்றும், பெரிய முயற்சிகளில் இறங்குமுன் இளம் ஆசிரியர் சிறிய அளவிலான, மதிப்பிடுதற்கு எளிய ஆக்கங்களாற் பெயரெடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் அவர் அறிவுரை கூறினார். அதாவது அலமாரியைத் திறந்தவரும் வாயிற்கதவைப் பற்றி வினவவில்லை. முதலிற் பெயர், பின்னரே கருத்து என்ற ஒழுங்கு அவருக்கு இயல்பானதாகவே தோன்றியது.

இதனை வெறும் வர்க்கப் பகைமையின் விளைவாகக் காண்பது இயந்திரப்பாங்கான விளக்கமாகும். கொல்லரின் மகனாகிய மைக்கல் பரடேயை இதே சங்கம் 1824இல் உறுப்பினராக ஏற்றுப் பின்னர் பெரிதும் போற்றியது. பரடே றோயல் நிறுவனத்தினுள்ளே இருந்தார். அவருடைய பரிசோதனைகளை இலண்டனின் அறிஞர் தம் கண்ணாற் கண்டனர். வோட்டர்ஸ்ரனோ ஒரு கையெழுத்துப் பிரதி மட்டுமே. அத்துடன், வெப்பத்தை ஒரு நுண்பாய்மமாகவும், வாயுத்துணிக்கைகளை ஒன்றையொன்று தள்ளியவண்ணம் தத்தம் இடத்தில் நிற்பனவாகவும் கருதிய கோட்பாடு நிலவிய காலத்தில், அவர் கருத்து அறிஞருக்கு முறைகெட்டதாகவே தென்பட்டிருக்கும். நடுவர் என்பவர் நிலவும் அறிவின் பிரதிநிதி. நிலவும் அறிவைக்கொண்டு அதனை மீறும் அறிவை அளக்கச் சொல்வதிலுள்ள முரண்பாடே இங்கு அடிப்படையானது. எழுதுபவரின் சமூக நிலை அம்முரண்பாட்டை உருவாக்குவதில்லை. ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே அது புகுந்து செயற்படுகின்றது.

இதழாசிரியருக்கு வேறு வழியிருந்ததா என்று கேட்கலாம். சென்னையிலிருந்து ஓர் உதாரணத்தைக் காட்டுவது இங்குப் பொருத்தமாகும். 1911இல் இராமானுஜனின் முதலாவது நீண்ட கட்டுரை, பேர்ணூலி எண்களின் பண்புகள் பற்றியது, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கழகம் தோன்றி நான்கே ஆண்டுகள். பட்டம் பெறாத, வேலையுமற்ற இளைஞர் ஒருவர் எழுதிய அக்கட்டுரை பலவிடத்தும் நிறுவல் குன்றியது, அவர் முறைகள் எவருக்கும் பழக்கமற்றவை, எழுத்தோ தெளிவற்றது. இதழாசிரியர் எம். ரி. நாராயண ஐயங்கார் அதனை நிராகரித்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவர் அதனைத் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பினார், மீண்டும் வாங்கினார், மீண்டும் அனுப்பினார். மூன்று முறை இவ்வாறு போய்வந்தபின் அச்சிட்டார். கேம்பிரிட்ஜின் பெயர்பெற்ற கணிதவியலாளர் இருவருக்கு இராமானுஜன் எழுதியவை பயன்தராது போனதும், 1913இல் ஹார்டி அவரை இனங்கண்டதும் எல்லாரும் அறிந்த வரலாறு. பெங்களூரிலிருந்த அவ்வாசிரியரின் பொறுமையை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. ஏற்பதும் மறுப்பதும் அல்லாத மூன்றாவது பணி ஒன்று இதழாசிரியருக்கு உண்டு. அது எழுதியவரோடு கூட இருந்து எழுத்தை வாசிக்கத்தக்கதாக்குவது. அப்பணிக்குக் காலமும் அக்கறையும் வேண்டும். கட்டுரைகள் மலைபோலக் குவியுமிடத்தில் இரண்டும் அரியனவாகும்.

இவ்வளவுங் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடுவர் முறை எங்கும் பரவிவிட்டது என்று எண்ணுதல் தவறு. அது பெரிதும் ஆங்கில நாட்டுக் கற்றோர் சங்கங்களின் வழக்கமாகவே நெடுங்காலம் இருந்தது. ஜேர்மனியின் முதன்மையான பௌதிக இதழில் ஐன்ஸ்ரைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைகள் வெளிவந்தபோது, அவற்றை ஏற்றவர்கள் இதழை நடத்திய ஒரு சிலரே. வெளி நடுவர் எவரும் இலர். இங்கிலாந்தின் நேச்சர் இதழில், வேறெதனையும்விட இதழாசிரியரின் விருப்பும் பக்க நெருக்கடியும் தீர்மானித்தன. உயிரணுக்களின் சத்தி மாற்றம் பற்றி ஹான்ஸ் கிறெப்ஸ் 1937இல் அனுப்பிய குறிப்பை, ஏழெட்டு வாரங்களுக்குப் போதிய கடிதங்கள் தம்மிடம் உள்ளன என்று கூறி நேச்சர் திருப்பியனுப்பியது. கட்டுரையின் தகுதி பற்றி அங்குப் பேச்சேயில்லை. அது ஒல்லாந்து இதழொன்றில் வெளிவந்து, 1953இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டிக் கொடுத்தது. அதே 1953இல் டி.என்.ஏ. யின் அமைப்புப் பற்றி வாற்சனும் கிரிக்கும் எழுதிய ஒற்றைப் பக்கக் கட்டுரை நடுவர் எவரிடமும் செல்லாமல் நேச்சரில் அச்சேறியது. வெளி நடுவர் முறை அவ்விதழிற் கட்டாய விதியானது 1973இலேயே.

நடுவர் முறைக்கு எதிராக மட்டுமே சான்று தேடுவது நேர்மையாகாது. 1936இல் ஐன்ஸ்ரைனும் நேதன் றோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்ற முடிவுகொண்ட கட்டுரையொன்றை அமெரிக்காவின் பிசிக்கல் றிவியூவுக்கு அனுப்பினர். இதழாசிரியர் ஜோன் ரேற் அதனை நடுவரிடம் கொடுத்து, பத்துப் பக்க விமர்சனத்தோடு திருப்பியனுப்பினார். அச்சேறுமுன் பிறருக்குக் காட்டத் தாம் அனுமதி தரவில்லை என்று சினந்த ஐன்ஸ்ரைன் கட்டுரையை மீளப்பெற்று வேறோர் இதழுக்கு அனுப்பினார். பிழை கண்ட அந்நடுவர் ஹவார்ட் றொபேட்சன் என்பது 2005இல், பழைய பதிவேடுகள் திறக்கப்பட்டபோது உறுதியாயிற்று. அவர் பின்னர் பிறின்ஸ்ரனில், தாம் நடுவர் என்பதைச் சொல்லாமலே ஐன்ஸ்ரைனின் உதவியாளர் இன்பெல்ட்டிடம் பிழையை எடுத்துக்காட்டினார். 1937இற் கட்டுரை அச்சேறியபோது முடிவு மாறியிருந்தது. உலகின் மிகப் பெரும் பெயரையும் ஒரு நடுவர் தட்டிக்கேட்க முடிந்தது என்பது இம்முறையின் சிறந்த பக்கம். ஆயின் அக்காலத்து ஐன்ஸ்ரைனுக்கு இம்முறை அவமதிப்பாகத் தோன்றியது என்பதே வரலாற்றுக்கு வேண்டிய செய்தி. முப்பது ஆண்டுகள் எழுதிவந்த ஒருவர் அதனை எதிர்பார்த்திருக்கவில்லை.

அவ்வாறாயின் இன்றைய பேரதிகாரம் எப்போது, எதனால் வந்தது? இரண்டாம் உலகப் போரின்பின் அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்குப் பெருந்தொகையை வழங்கத் தொடங்கியது. பணம் மக்களுடையது, அதனைப் பகிர்ந்தளித்தோர் விஞ்ஞானிகள். 1970களின் பொருளாதார நெருக்கடியில் இவ்வேற்பாடு கேள்விக்குள்ளாயிற்று. 1975இல் தேசிய விஞ்ஞான நிறுவனம் வழங்கும் ஒவ்வொரு கொடையையும் தடுக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு அளிக்கும் திருத்தமொன்று கீழ்ச்சபையில் நிறைவேறியது, பின்னரே கைவிடப்பட்டது. அவ்வாண்டே விண்ணப்பங்களின் மதிப்பீட்டு முறை பற்றிப் பகிரங்க விசாரணையும் நடைபெற்றது. தம் சுயாதீனத்தைக் காக்க விஞ்ஞானிகள் முன்வைத்த மறுமொழி இதுதான்: எமது வேலையை மதிப்பிட எம்மை ஒத்தவராலேயே இயலும்; எம்மிடையே கண்டிப்பான மதிப்பீட்டு முறை உண்டு. ஒத்தார் மதிப்பீடு என்ற தொடரே இக்காலத்திலேதான் பெருவழக்குப் பெற்றது. ஒரு சில சங்கங்களின் வீட்டுவழக்கமாயிருந்தது, அரசுக்கும் மக்களுக்கும் காட்டும் நம்பிக்கை முத்திரையாயிற்று. 1752இல் எதற்குப் பொறுப்பேற்க றோயல் சங்கம் மறுத்ததோ, அதனையே இம்முத்திரை இப்பொழுது உறுதிப்படுத்துவதாகக் கொள்ளப்பட்டது.

வணிகமும் இதனோடு கைகோத்தது. றொபேட் மக்ஸ்வெல் (மேலே கூறிய பௌதிகவியலாளரோடு இவருக்கு யாதோர் உறவுமில்லை) 1951 முதல் நடத்திய பேர்கமன் அச்சகம் போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களைத் தொடங்கின. சங்கத்தின் பெயரில்லாத இதழுக்கு மதிப்பைத் தேடித்தர நடுவர் முறை உதவிற்று. கட்டுரை எழுதுபவருக்குக் கூலியில்லை. மதிப்பிடுபவருக்கும் பொதுவாகக் கூலியில்லை. இருவருக்கும் சம்பளம் தருவது பெரும்பாலும் பொதுமக்களின் பணம். அச்சேறிய இதழை அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களே பெருவிலை கொடுத்து மீளவாங்கின. எம்மைப் போன்ற நாடுகளின் நூலகங்களில் அவ்விலை கொடுக்க இயலாது இடையில் அறுந்துபோன இதழ் வரிசைகள் எத்தனை என்பதை வாசகர் அறிவர். உழைப்பு சமூகமயமாகவும் இலாபம் தனியுடைமையாகவும் அமைவதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் காண்பது அரிது.

மறைவிலிருக்கும் நடுவர் எழுத்தை மட்டுமே நோக்குகின்றாரா என்பதைச் சோதித்த முயற்சிகள் சில உள. பீற்றர்ஸ், செசி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுட் பெயர்பெற்றது. புகழ்மிக்க பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் எழுதி முன்னரே வெளிவந்த 12 கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் கற்பனைப் பெயர்களாக மாற்றி, வெளியிட்ட அதே இதழ்களுக்கே அவர்கள் மீண்டும் அனுப்பினர். இதழாசிரியரும் நடுவருமாக 38 பேருள் மூவரே இதனைக் கண்டுபிடித்தனர். எஞ்சிய 9 கட்டுரைகளுள் 8 நிராகரிக்கப்பட்டன. பழையவை என்பதற்காகவன்று; ஆய்வுமுறையிற் பாரிய குறைபாடுகள் உண்டு என்பதற்காக. 2022இல் வெளியான இன்னோராய்வு, நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஒருவரும் அதிகம் அறியப்படாத ஒருவரும் இணைந்தெழுதிய ஒரே கட்டுரையைப் பல நூறு நடுவர்களுக்கு வெவ்வேறு பெயரோடு அனுப்பியது. அறியப்படாதவர் பெயரைக் கண்டோரில் 65 வீதத்தினர் அதனை நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே காணாதோரில் 48 வீதத்தினர். நோபல் பரிசாளர் பெயரைக் கண்டோரில் 23 வீதத்தினர். முதலிற் பெயர் தேடிக்கொள்ளுங்கள் என்ற றேலியின் அறிவுரை நடைமுறை ஞானம் நிறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பெயரை மறைப்பது இதற்கு ஒரு பரிகாரம் என்பர். சிறு துறைகளில் எழுத்தைக் கண்டே ஆளை அறிந்துகொள்வர் என்பதை இதழ் நடத்தியோர் அறிவர். வேறொரு வழியை ஈலைஃப் என்ற உயிரியல் இதழ் 2023இல் மேற்கொண்டது. மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரைகளை ஏற்றது, மறுத்தது என்று தீர்ப்பிடுவதை அது நிறுத்தியது. கட்டுரையையும் நடுவர்களின் அறிக்கைகளையும் ஒருங்கே வெளியிட்டு, மதிப்பிடும் பொறுப்பை வாசகரிடம் விட்டது. ஹியூவெல் 1831இல் விரும்பிய பகிரங்க அறிக்கை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின் அலமாரியிலிருந்து வெளியே வந்தது எனலாம். தாக்கக் காரணி என்ற எண்ணைக் கணித்து வழங்கும் வணிக நிறுவனம் 2024இல், இத்தகைய இதழைத் தன் அட்டவணையில் முழுமையாகச் சேர்க்க இயலாது என்று அறிவித்தது. அதன் விளைவாக ஈலைஃப் அவ்வெண்ணை இழந்தது. அவ்வெண்ணைப் பார்த்தே பதவியுயர்வு வழங்கும் பல்கலைக்கழகங்களின் இளம் ஆய்வாளர், அவ்விதழுக்குத் தம் கட்டுரையை அனுப்புவதா விடுவதா என்று இன்று இருமுறை எண்ணவேண்டியுள்ளது.